லெனார்ட் பேர்ச்சலின் பதக்கங்களும் திருகோணமலையின் 1942 ஏப்ரலும்: எது எதற்காக?

1942இல் ஜப்பானியர் குண்டு வீசிய ஏப்ரல் 9 நெருங்கும்போதெல்லாம் திருகோணமலைக்காரர்களின் கைபேசிகளில் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடிய விமானியின் பழைய படம் சுற்றத் தொடங்குகிறது. 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்பதுதான் அநேகமாகத் தலைப்பு. கீழே வருவது ஆளுக்கு ஆள் மாறும். அவர் சீனக்குடாவிலிருந்து பறந்தவர் என்பார்கள். விக்டோரியா சிலுவை பெற்றவர் என்பார்கள். திருகோணமலையில் ஜப்பானியப் படை இறங்காமல் தடுத்தவர் என்பார்கள். மூன்றுமே பிழை.

பிழைகளைத் திருத்தினாலும் அந்த மனிதர் சிறியவராகிவிடுவதில்லை. அவர் செய்தது என்ன, பதக்கம் எதற்குக் கிடைத்தது, நமது ஊரில் குண்டு விழுந்த நாளுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்ற மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துப் பார்த்தால் போதும்.

ஆள் யார்?

லெனார்ட் ஜோசப் பேர்ச்சல் 1915 ஜூலை 6ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சென் கதரின்ஸ் நகரில் பிறந்தவர். கிங்ஸ்டனில் உள்ள றோயல் மிலிட்டரி கொலிஜில் படித்து 1937இல் வெளியேறி, கனடிய விமானப்படையில் விமானியானார். போர் தொடங்கியபோது நோவா ஸ்கோஷியாவில் பறக்கும் படகுகளில் ரோந்து போய்க்கொண்டிருந்தார். (தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் பெரிய விமானங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள்.)

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், கபோ நோலி என்ற இத்தாலிய வணிகக் கப்பல் சென் லோரன்ஸ் வளைகுடா வழியாகத் தப்பப் பார்த்தது. பேர்ச்சல் தாழப் பறந்து, தாக்கப் போவதுபோலப் பாசாங்கு காட்டினார். கப்பல் தலைவர் பயந்து கப்பலைத் தரைதட்ட விட்டார். இதற்குப் பதக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய சுபாவம் பிடிபட இந்த ஒரு சம்பவமே போதும்: கையில் இருப்பது குறைவென்றாலும் எதிரிக்கு அதைக் காட்டிக்கொள்ளாத ஆள்.

1942இல் அவர் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தில் இருந்த கனடிய 413ஆம் விமான அணியில் சேர்ந்தார். அந்த அணியை அவசரமாக இலங்கைக்கு மாற்றினார்கள். தளம் காலிக்கு அருகே, கொக்கல வாவியில். அதாவது தென்கரையில். திருகோணமலையிலும் சீனக்குடாவில் விமானத்தளம் இருந்ததால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள் போலும். பேர்ச்சல் கொக்கலவுக்கு வந்து சேர்ந்தது ஏப்ரல் 2. அவர் சுட்டு வீழ்த்தப்பட்டது ஏப்ரல் 4. இலங்கையில் அவர் இருந்த காலம் அவ்வளவுதான்.

ஜப்பானியர் எதற்காக வந்தார்கள்?

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் வசமாகின. இந்து சமுத்திரத்தில் பிரிட்டனுக்கு மிஞ்சியிருந்த பெரிய கடற்படைத் துறைமுகம் திருகோணமலை. அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில் தலைமையில் கிழக்குக் கடற்படை இங்கே திரண்டுகொண்டிருந்தது. அதில் பாதிக் கப்பல்கள் முதல் உலகப் போர்க் காலத்துப் பழசு.

அதை நொறுக்கிவிட்டால் பர்மாவுக்குப் போகும் தமது கடல்வழிக்குத் தொல்லை இராது என்பது ஜப்பானியக் கணக்கு. வந்தவர் வைஸ் அட்மிரல் நகுமோ. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே அணி. அங்கே போன ஆறு விமானந்தாங்கிகளில் ககா மட்டும் இம்முறை இல்லை; அககி, சொர்யு, ஹிர்யு, ஷொகாகு, சுய்காகு என்ற ஐந்தும் வந்தன.

கவனிக்க வேண்டியது: அவர்களோடு தரையிறங்கும் படையைச் சுமந்த கப்பல்கள் எவையும் வரவில்லை. வந்தது அடித்துவிட்டுப் போகும் அணி. ஆகவே 'படையெடுப்பைத் தடுத்தார்' என்பதில் அர்த்தமில்லை. தடுப்பதற்குப் படையெடுப்பு என்று ஒன்றே இருக்கவில்லை. அன்றைக்கு இலங்கையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, அது வேறு கதை. சிங்கப்பூருக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டவர்கள், அடுத்தது நாங்கள்தான் என்று எண்ணியதில் வியப்பில்லை.

ஏப்ரல் 4: ஒரு செய்தி மூன்று தடவை

பேர்ச்சலின் விமானம் கட்டலினா வகை. ஒரே மூச்சில் இருபது மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியது. ஆனால் அதன் உச்ச வேகம் மணிக்கு 200 மைலைத் தொடாது. ஜப்பானிய சீரோ போர்விமானமோ 300ஐத் தாண்டும். கண்ணில் பட்டால் ஓடித் தப்ப வழியில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் இந்த விமானத்தில் ரோந்து போனார்கள்.

விடியுமுன் கிளம்பி நாள் முழுக்கப் பறந்தாயிற்று. திரும்ப வேண்டிய நேரம். மாலை 4 மணியளவில், இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைலில், அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அப்படியே திரும்பி, 'ஏதோ கப்பல்கள் தெரிகின்றன' என்று மட்டும் அறிவித்திருக்கலாம். உயிர் மிஞ்சியிருக்கும், ஆனால் அந்தச் செய்தியால் பெரிய பயன் இருந்திராது. எந்த நாட்டுக் கப்பல், எத்தனை, எந்தத் திசையில் போகிறது, என்ன வேகம் என்பவைதான் கரையில் இருப்பவர்களுக்கு வேண்டும். அதற்குக் கிட்டப் போக வேண்டும். போனார்.

விதிப்படி செய்தியை மூன்று தடவை அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவை போய்க்கொண்டிருக்கும்போதே சீரோக்களின் சூடு வானொலிக் கருவியை உடைத்தது. விமானம் தீப்பிடித்துக் கடலில் இறங்கியது. இருந்த 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். மிச்ச 6 பேரையும் ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்று தூக்கிக்கொண்டது.

கப்பலில் விசாரணை அடியோடு தொடங்கியது. செய்தி அனுப்பினாயா என்பதுதான் கேள்வி. இல்லை என்று சாதித்தார்கள். ஆனால் செய்தி சிதைந்து கிடைத்ததால் கொழும்பு, 'திருப்பிச் சொல்லவும்' என்று வானொலியில் கேட்க, அது ஜப்பானியர் காதில் விழுந்துவிட்டது. பிறகு அடி இன்னும் பலமாக விழுந்தது.

எச்சரிக்கை கிடைத்தது, அப்புறம்?

இந்தப் பகுதியைத்தான் பகிர்வுப் பதிவுகள் எல்லாமே தாண்டிப் போய்விடுகின்றன. செய்தியால் விளைந்தவற்றை நல்லது கெட்டது பாராமல் அடுக்கினால் இப்படி வரும்:

1. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கிளம்பக்கூடிய கப்பல்கள் பல அன்றிரவே வெளியேறின. மறுநாள் ஜப்பானியர் எதிர்பார்த்த நெரிசல் அங்கே இல்லை. பேர்ள் துறைமுகம் போன்ற ஒன்று இங்கே நடக்காமல் போனதற்கு இதுவே நேரடிக் காரணம்.

2. ஆனால் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது ரத்மலானையில் பிரிட்டிஷ் போர்விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. முந்தின நாளே தெரிந்திருந்தும் ராடர் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேர்ச்சல் உயிரைப் பணயம் வைத்து வாங்கித்தந்த இரவை இப்படி வீணாக்கியது மன்னிக்கக்கூடியதல்ல என்பது என் அபிப்பிராயம்.

3. டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் எச்சரிக்கையின் பேரில் கொழும்பிலிருந்து வெளியேறி, சொமர்விலின் அணியோடு சேர விரைந்தன. திறந்த கடலில் வான் பாதுகாப்பு இல்லை. 5ஆம் திகதி பிற்பகல் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள்.

மூன்றாவதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்கும். வெளியே எடுத்தபின் மேலே விமானம் இல்லாவிட்டால், கப்பல் துறைமுகத்தில் கிடந்ததைவிட மோசமான இடத்தில் இருக்கிறது. நான்கு நாட்களில் இதே பாடத்தைத் திருகோணமலையும் படித்தது.

ஏப்ரல் 9: நமது ஊர்

பேர்ச்சல் இப்போது கைதி. இந்த நாளில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. திருகோணமலைக்கு எச்சரிக்கை தந்தவை வேறு கட்டலினாக்கள்.

8ஆம் திகதி ஒரு கட்டலினா கிழக்கே சுமார் 400 மைலில் ஜப்பானிய அணியைக் கண்டது. உடனே துறைமுகத்தைக் காலி செய்ய உத்தரவு போனது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியும், அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும், இன்னும் சில கப்பல்களும் இருட்டோடு வெளியேறிக் கரையோரமாகத் தெற்கே போயின. பெயர்தான் விமானந்தாங்கி, அன்றைக்கு ஹெர்மிஸில் ஒரு விமானமும் இல்லை.

9ஆம் திகதி காலை 7 மணியளவில் இன்னொரு கட்டலினா அணியை மீண்டும் கண்டது. அதுவும் பேர்ச்சலின் 413ஆம் அணியைச் சேர்ந்ததே. விமானி பிளைட் லெப்டினன்ட் ரே தோமஸ். அவர் செய்தி அனுப்பத் தொடங்கினார். அதன்பின் சத்தமே இல்லை. விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பதக்கப் பகுதியில் தேவைப்படும்.

கொழும்பைப்போல் அல்லாமல் இங்கே ராடர் வேலை செய்தது. மார்ச் மாதம்தான் விமானந்தாங்கியொன்றிலிருந்து பறந்து வந்து சீனக்குடாவில் இறங்கியிருந்த 261ஆம் அணியின் ஹரிக்கேன் போர்விமானங்கள் நேரத்துக்கு மேலே ஏறிவிட்டன. இருந்தும் வந்தவர்கள் தொகையில் பலமடங்கு. விமானத்தளமும் கடற்படைத் துறைமுகமும் அடிவாங்கின. சகாயிங் என்ற வணிகக் கப்பல் தீப்பிடித்துத் துறைமுகத்திலேயே போய்விட்டது. அதன் உடலை 2018இல் இலங்கைக் கடற்படை மேலே கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கும்.

சீனக்குடா எண்ணெய்க் குதமொன்றில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த கதையை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வேண்டுமென்றே பாய்ந்தார்களா, அடிபட்டு விழுந்தார்களா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அதற்குள் இருந்தவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணத்தை வெளியிலிருந்து பார்த்து நிரூபிக்க முடியாது. வீரப் பதக்கங்களின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

குண்டுவீச்சு ஓய்ந்ததும் ஹெர்மிஸைத் திருகோணமலைக்குத் திரும்பச் சொன்னார்கள், துறைமுகத்தின் விமானங்கள் காவல் தரும் என்ற நம்பிக்கையில். காலை 10 மணிக்குப் பிறகு, மட்டக்களப்புக்கு அப்பால், அது அகப்பட்டுக்கொண்டது. காவல் வந்து சேரவில்லை. ஹெர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டார்கள். வம்பயரும் மூழ்கியது. அருகில் இருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைக் கடலிலிருந்து எடுத்தது.

ஆக, 'திருகோணமலையைக் காத்தவர் யார்?' என்ற கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகத் தர முடியாது. ஜப்பானியர் தேடி வந்த சொமர்விலின் முதன்மை அணி அவர்கள் கண்ணில் படவே இல்லை. அது மாலைதீவின் அட்டு பவளத்தீவு இரகசியத் தளத்தின் பக்கம் இருந்தது. நகுமோவின் அணி 9ஆம் திகதியோடு கிழக்கே திரும்பிவிட்டது, மறுபடி வரவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் பெரும் பகுதியும் ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு ஒதுங்கிவிட்டது. 1944இல்தான் திருகோணமலை மறுபடி பெரிய தளமாக உயிர்பெற்றது.

பதக்கம் எப்படித் தரப்பட்டது?

சரி, இப்போது பதக்கங்களுக்கு வருவோம். அன்றைக்குக் கனடாவுக்கெனத் தனி வீர விருதுகள் இல்லை. பிரிட்டிஷ் விருதுகளே கனடியர்களுக்கும். அவற்றின் விதிகளில் நமக்கு வேண்டியவை நான்கு.

1. சாட்சி வேண்டும். கட்டளை அதிகாரி பரிந்துரை எழுதுவார். அது படிப்படியாக மேலே போகும். ஏற்றுக்கொண்டால் லண்டன் அரச வர்த்தமானியில் பெயர் வரும். யாரும் பார்க்காத வீரத்துக்கு இந்தப் பாதையில் இடமில்லை.

2. பதவிநிலை பார்த்துப் பதக்கம். டி.எஃப்.சி. எனப்படும் சிறப்புப் பறத்தல் சிலுவை 1918இல் உருவானது, அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் மட்டும். அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதே செயலுக்கு டி.எஃப்.எம். என்ற வேறு பதக்கம். ஒரே விமானத்தில் ஒரே சூட்டுக்கு நடுவே இருந்தவர்களையும் தோள்பட்டி பிரித்தது. 1993இல்தான் இந்தப் பாகுபாட்டை எடுத்தார்கள்.

3. உயிரோடு இருக்க வேண்டும். வாசிப்பவர்களுக்கு அதிகம் உறைப்பது இதுவாகத்தான் இருக்கும். 1979 வரை போர்க்களத்தில் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு, இறந்தபின் தரக்கூடியவை இரண்டே: ஆக உயர்ந்த விக்டோரியா சிலுவை, அல்லது ஆகக் கீழே, தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவது. இடையில் உள்ள டி.எஃப்.சி. போன்றவை செத்தவருக்கு இல்லை.

4. செயலுக்குத்தான் பதக்கம், விளைவுக்கு அல்ல. எச்சரிக்கையை மேலிடம் எப்படிப் பயன்படுத்தியது, அதனால் எத்தனை கப்பல் தப்பியது என்பவையெல்லாம் எச்சரித்தவரின் கணக்கில் வராது.

நாலாவது விதியை வைத்துப் பார்த்தால் பேர்ச்சலின் டி.எஃப்.சி. குறித்த குழப்பம் தீரும். ஏப்ரல் 4இல் எதிரி அணியைக் கண்டு, கிட்டப் போய், செய்தி அனுப்பியதற்குத்தான் அது. இலங்கையைக் காத்ததற்கு அல்ல. அந்தப் பட்டம் பத்திரிகைகளும் நாட்டவரும் சூட்டியது. சேர்ச்சில் பிற்பாடு ஒரு விருந்தில், போரிலேயே ஆபத்தான கணம் ஜப்பானிய அணி இலங்கையை நெருங்கியதாகக் கேட்டதுதான் என்று சொன்னதாகவும் பதிவு உண்டு. அதிலிருந்து பட்டம் இன்னும் பெருத்தது.

பெரிய வீரம் எது?

அவருக்கு இன்னொரு பிரிட்டிஷ் விருது உண்டு: ஓ.பி.ஈ. எனப்படும் பிரிட்டிஷ் பேரரசு விருது, கைதி முகாம்களில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காக. இந்தப் பெயரைக் கண்டதும் நம்மவர்களுக்கு அந்தக்காலக் கச்சேரி உத்தியோகத்தரும் சமாதான நீதவானும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அதனால் பகிர்வுப் பதிவுகளில் இது கடைசியில் ஒட்டிக்கொண்டு போகும். என்னைக் கேட்டால் இரண்டில் கனமானது இதுதான்.

மூன்று வருடங்களுக்கு மேல் பேர்ச்சல் ஜப்பானில் கைதி. முதலில் யோக்கொஹாமாவுக்கு அருகே ஒபுனா விசாரணை முகாம். அங்கே பேசக்கூட அனுமதி இல்லை. பிறகு வேறு வேறு தொழிலாளர் முகாம்கள். கைதிகளுக்குள் மூத்த அதிகாரி என்ற பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அந்தப் பொறுப்பின் நடைமுறை அர்த்தம், காவலர்களிடம் முறையிடப் போய் முதல் அடியை வாங்குவது.

நோயாளிகளையும் வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடும்வரை யாரும் எழும்புவதில்லை என்று முகாம் முழுவதையும் உட்காரவைத்தார். கைதிகள் வேலைநிறுத்தம் செய்வதென்பது அங்கே கழுத்தைக் கொடுப்பதற்குச் சமம். அவரை அடித்துத் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள். இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். யார் எப்போது என்ன செய்தான் என்று. போர் முடிந்தபின் போர்க்குற்ற விசாரணைகளில் அவை சான்றாக வந்தன.

1945 ஓகஸ்ட் 27இல் அமெரிக்கர்கள் அவரை விடுவித்தார்கள். கூட இருந்தவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். அதனால் அமெரிக்காவின் லீஜியன் ஒப் மெரிட் விருதும் பிறகு வந்தது. ஏப்ரல் 4இன் துணிச்சல் சில நிமிடங்களுக்குரியது. முகாமில் ஒவ்வொரு காலையும் பின்வாங்க வாய்ப்பு இருந்தது, அவர் பின்வாங்கவில்லை. அதைப் பார்த்த சாட்சிகளும் நிறைய.

பின்னாளைய உத்தியோகத்தை வேகமாகச் சொல்லலாம். தான் படித்த கிங்ஸ்டன் கல்லூரிக்கே 1963 முதல் 1967 வரை தலைவர். முப்படைகளையும் ஒன்றாக்கும் அரசின் திட்டம் பிடிக்காமல் 1967இல் ஓய்வு. பிறகு யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை. 2000இல் ஓடர் ஒப் கனடா. 2004 செப்டெம்பர் 10இல், 89 வயதில், கிங்ஸ்டனில் காலமானார்.

அவர் மார்பில் இருந்த இன்னொன்றையும் வீரப் பதக்கமென்று எழுதிவிடுகிறார்கள்: ஐந்து பட்டைகளோடு கூடிய கனடியப் படைச் சேவைப் பதக்கம். அது நீண்டகால நற்சேவைக்கு. முதல் 12 வருடத்துக்குப் பதக்கம், அதற்குப்பின் ஒவ்வொரு 10 வருடத்துக்கும் ஒரு பட்டை. ஐந்து பட்டை என்றால் 62 வருடம். ஓய்வுக்குப்பின் அணிகளின் கௌரவ கேர்ணலாக இருந்த காலமும் சேர்ந்துதான் இந்தத் தொகை. மிக அபூர்வமான எண்ணிக்கை.

தோமஸ் எங்கே?

413ஆம் அணியின் இரண்டு விமானங்கள் ஐந்து நாள் இடைவெளியில் ஒரே எதிரியைக் கண்டன, ஒரே மாதிரிச் செய்தி அனுப்பப் பார்த்தன, ஒரே மாதிரி விழுந்தன. திருகோணமலையைப் பொறுத்தமட்டில் தோமஸின் விமானமே நெருக்கமானது. ஆனால் பகிரப்படும் படம் பேர்ச்சலுடையது.

இருவருக்கிடையே பாரபட்சம் காட்டினார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. மேலே சொன்ன ஒன்றாம், மூன்றாம் விதிகள் இரண்டுமே தோமஸுக்கு எதிராக நின்றன. கிட்டப் போனாரா, எத்தனை தடவை அனுப்பப் பார்த்தார் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தாலும், அந்தச் செயலுக்கு டி.எஃப்.சி.யை இறந்தவருக்குத் தர முடியாது. விக்டோரியா சிலுவைக்குரிய அளவு சாட்சியமோ யாரும் இல்லாத கடலில் கிடைக்காது. நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்தில் அவர்களைத் தேடுபவர்கள் உண்டு. அங்கே உடல் கிடைத்தவர்களுக்குத்தான் கல்லறை. இந்தப் பிராந்தியத்தில் காணாமற்போன நேசநாட்டு விமானப்படையினரின் பெயர்களைப் பொறித்திருப்பது சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில்.

இன்று பல நாடுகளில் நிலைமை தலைகீழ். இந்தியாவின் ஆக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது இறந்தபின் கிடைத்தது. பிரிட்டன் 1979இல் விதியைத் தளர்த்தியபோது, அதைப் பின்னோக்கிச் செல்லுபடியாக்கவில்லை. அதனால் 1942இல் கடலில் விழுந்தவர்களின் கோப்புகளை அந்தத் திருத்தம் தொடவில்லை.